பால்குடிப் பருவமும் அரசின் பொறுப்பும்

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் பைத்துல்மாலிலிருந்து குழந்தைகளுக்கு உதவித்தொகை வழங்கப்பட்டது. பால்குடி மறந்த குழந்தைக்கே அது உரியது என்பது முதலில் இருந்த விதி. ஓரிரவு காவல் சுற்றிய கலீஃபா, ஓயாது அழுத குழந்தையின் தாயை வினவினார். உதவித்தொகைக்காகவே முன்கூட்டிப் பாலை மறக்கடிப்பதாக அத்தாய் கூறினார். மனங்கலங்கிய கலீஃபா, பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் தொகை உண்டென அறிவிக்கச் செய்தார் என்று இப்னு ஸஅது தமது ‘தபகாத்’தில் பதிவு செய்துள்ளார். நல்லெண்ணத்தோடு ஒதுக்கப்படும் நிதியும் அதனுடன் பிணைந்த நிபந்தனையால் உரியவரைச் சேராது போகலாம் என்பதே இதில் நாம் பெறும் படிப்பினை.

இதே அளவுகோலால் சேலம், நாமக்கல் சமவெளியை நோக்குவோம். ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-இல் தொடங்கியது. 2013-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அங்கன்வாடி உணவை உரிமையாக்கியது. எனினும், கைக்குழந்தைக்குச் சத்துமாவு வீட்டுக்கு வழங்கப்படுகிறதே அன்றி, பகல் முழுதும் பராமரிப்பு கிடைப்பதில்லை. பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிக் கூடங்களிலோ வேலை நேரம் பன்னிரண்டு மணி வரை நீள்வதுண்டு. அங்கு உழைக்கும் தாய் தன் மழலையை எவரிடம் ஒப்படைப்பாள்?

ஐம்பது பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டுமென 2017-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் விதித்தது. சிறு தறிக்கூடங்களும், வீடுகளிலேயே நடைபெறும் சேலத்து வெள்ளிக் கொலுசு வேலையும் அவ்வரம்புக்குள் வருவதில்லை. உழைக்கும் தாய்மாருக்கென 2006-இல் வந்த தேசியக் காப்பகத் திட்டம், 2022 முதல் ‘பால்னா’ என்னும் பெயரில் தொடர்கிறது. அதன் காப்பகங்களோ அங்கன்வாடிகளின் எண்ணிக்கைக்கு நிகரானவை அல்ல. ஆக, பராமரிப்பு மிகுதியும் தேவைப்படும் குடும்பமே வரம்புக்கு வெளியே நிற்கிறது.

கேட்டுப் பெற வழியில்லாமலும் இல்லை. ஆறு வயதுக்குட்பட்ட நாற்பது குழந்தைகள் இருந்தும் அங்கன்வாடி இல்லாத குடியிருப்பு கோரினால், மூன்று மாதத்துக்குள் மையம் அமைக்க வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பர் 13-இல் ஆணையிட்டது. அதே ஆண்டில் வெளியான பிரதமரின் புதிய 15 அம்சத் திட்டத்தின் முதல் அம்சமே, சிறுபான்மையினர் மிகுந்த பகுதிகளுக்கு இச்சேவையில் உரிய பங்கு கிடைக்கச் செய்வதாகும்.

கோருவதற்குக் கணக்கு வேண்டும். நம் மஹல்லா ஜமாஅத்துகள் திருமணப் பதிவேட்டைப் பேணுவது போலவே, எல்லாச் சமூகத்தாரையும் உள்ளடக்கி, தத்தம் பகுதியின் சிறார் எண்ணிக்கையையும் தாய்மாரின் வேலை நேரத்தையும் குறித்து மாவட்ட நிர்வாகத்திடம் அளிக்கலாம். உமர் (ரலி) அவர்களின் விதியை மாற்றியது ஒரு குழந்தையின் அழுகை. இன்று அவ்வழுகையை அலுவலகம் வரை கொண்டுசெல்வது நம் கடமை.