அரிசிப் பானைக்குள் ஒளித்த மாத்திரை!

திண்டுக்கல் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது நான் செய்த முட்டாள்தனத்தை வேறு எந்தச் சகோதரியும் செய்துவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஐந்தாம் மாசத்திலிருந்தே நெஞ்செரிச்சலும் மலச்சிக்கலும் என்னைப் பாடாய்ப்படுத்தின. ராத்திரி படுத்தால் புளிச்ச தண்ணி தொண்டை வரைக்கும் வரும். "பிள்ளைக்கு முடி நிறைய இருக்கும்டி" என்று மாமியார் சிரிப்பார். இரும்புச்சத்து மாத்திரை போட்டதும் சிக்கல் இன்னும் அதிகமானது. மலம் கறுப்பாகப் போகவே, குடல் புண்ணாகிவிட்டதோ என்று பயந்துவிட்டேன். வெளியே சொல்லக் கூச்சம். மாத்திரைகளை அரிசிப் பானைக்குள் ஒளித்துவிட்டு, தினமும் சாப்பிடுவதாகப் பொய் சொன்னேன்.

ஏழாம் மாசம் ரத்தம் பார்த்தால் 8.5 கிராம்! 11 கிராமாவது வேண்டுமாம். நர்சம்மா தனியே கூப்பிட்டு, "உண்மையைச் சொல்லு தாயி, மாத்திரை போடுறியா?" என்றதும் அழுதுவிட்டேன்.

அவர் திட்டவில்லை. "கர்ப்பத்துல சுரக்கிற ஹார்மோன் குடலைத் தளர்த்திடும். சாப்பாடு மெதுவா நகர்றதால தண்ணி உறிஞ்சப்பட்டு மலம் இறுகிடும். இரைப்பையோட மேல்வாயும் தளர்ந்துபோகும். கர்ப்பப்பை வேற கீழேயிருந்து தள்ளுது, அதான் புளிப்பு ஏறுது. இந்த மாத்திரைக்கு மலம் கறுக்கத்தான் செய்யும். ஆனா ரத்தம் குறைஞ்சு பிரசவத்துக்குப் போனா, ரத்தப்போக்குல உயிருக்கே ஆபத்து" என்றார்.

டாக்டர் சொன்ன அளவில் மறுபடி மாத்திரை ஆரம்பித்தேன். காபி, டீ, பாலோடு சேர்க்காமல், கால்சியம் மாத்திரையை வேறு வேளைக்கு மாற்றிக்கொண்டேன். எலுமிச்சை ஜூஸ் எரிச்சலைக் கூட்டியதால் ஆயக்குடி கொய்யா சாப்பிட்டேன். அதில் வைட்டமின் சி இருப்பதால் இரும்புச்சத்து நன்றாகச் சேருமாம், நார்ச்சத்தும் உண்டு. கீரை, வாழைத்தண்டு, நிறையத் தண்ணீர், சாயங்காலம் கொஞ்சம் நடை. மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்தாறாகப் பிரித்து, ராத்திரி ஏழு மணிக்கே முடித்துவிட்டு, தலையை உயர்த்தி இடது பக்கமாகப் படுத்தேன். மாமியார் எடுத்து வந்த விளக்கெண்ணெயை மட்டும் நர்சம்மா தடுத்துவிட்டார். டாக்டரைக் கேட்காமல் பேதி மருந்து கூடாதாம்.

எல்லாவற்றையும் 'கர்ப்பத்தில் சகஜம்' என்று விட்டுவிடவும் கூடாது. மேல்வயிற்றில் கடும் வலி, விடாத தலைவலி, கண் மங்கல், உள்ளங்கை உள்ளங்காலில் தாங்க முடியாத அரிப்பு, மலத்தில் சிவப்பு ரத்தம் இவற்றில் எது இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றும் சொன்னார்.

பிரசவத்துக்குள் ரத்தம் 10.5 கிராமுக்கு ஏறிவிட்டது. சுகப்பிரசவம், பெண் குழந்தை. தலையில் முடிதான் நாலே நாலு!

உங்கள் வீட்டில் கர்ப்பிணி இருந்தால், "சாப்பிட்டியா?" என்பதோடு நிறுத்தாமல், "வயிறு சரியா போகுதா?" என்றும் கேளுங்கள். கேட்க ஆளிருந்திருந்தால் நான் பானையைத் தேடியிருக்க மாட்டேன்.

- ஒரு வாசகி, திண்டுக்கல்.