பெட்டியில் 1,500 வாட், மீட்டரில் 196 வாட்



சென்ற ஆண்டு நமது சங்கத்துக்கு ஒரு பிராது வந்தது. கொடுத்தவர் மளிகைக் கடைக்காரர். எதிர்த் தரப்பு, அதே வீதியில் கார் ஆடியோ சாமான் விற்கும் இன்னொரு உறுப்பினர். ஒருவர் வீட்டு விசேஷத்தில் மற்றவர் பந்தி விசாரிக்கும் அளவுக்கு இருபது வருடப் பழக்கம். ஆனால் பிராது வந்த நாளில் இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மளிகைக் கடைக்காரர் தம் மகனின் காருக்கு ஓர் ஆம்ப்ளிஃபயரும் சப்வூஃபரும் வாங்கியிருந்தார். ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் கொட்டை எழுத்தில் 1,500 வாட். சப்வூஃபர் பெட்டியில் 1,200 வாட். அதற்குக் கீழே சிறிய எழுத்தில், தொடர்ந்து தாங்குவது 250 வாட். மூன்றே வாரத்தில் சப்வூஃபரின் காயில் கருகிவிட்டது. "போலிச் சரக்கு" என்றார் வாங்கியவர். "பையன் கண்டபடி திருகிக் கெடுத்துவிட்டான்" என்றார் விற்றவர்.

நம்மையும் சேர்த்து மூவரை விசாரிக்கச் சொன்னார் தலைவர். நாம் பருப்பு மொத்த வியாபாரி. வாட் கணக்கு நமக்கு எங்கே தெரியும்? ஆனாலும் சரக்கில் தகராறு வந்தால் தராசில் வைத்துப் பார்ப்பதுதானே நமது வழக்கம்? ஆகவே அனுபவமுள்ள ஆடியோ மெக்கானிக் ஒருவரை அழைத்து, எல்லோர் முன்னிலையிலும் அளக்கச் சொன்னோம்.

அளந்த விதம்

மெக்கானிக் முதலில் ஆம்ப்ளிஃபயரின் ஃப்யூஸைக் காட்டினார். 30 ஆம்பியர். கார் ஓடும்போது மின்சாரம் சுமார் 14 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 420 வாட். "உள்ளே போவதே இவ்வளவுதான் ஐயா. வெளியே 1,500 எப்படித் தொடர்ந்து வரும்?" என்றார். 40 கிலோ போட்ட சாக்கிலிருந்து நூறு கிலோ எடுக்க முடியுமா? போதாததற்கு, உள்ளே போவதில் ஒரு பகுதி சூடாகவே வீணாகிறது. பழைய ஏபி வகையில் ஏறக்குறைய பாதி போய்விடும். டி வகையில் சேதாரம் குறைவு.

பிறகு சப்வூஃபரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் 4 ஓம் பெரிய ரெசிஸ்டரை மாட்டினார். டம்மி லோடு என்று பெயர். காரை ஸ்டார்ட் செய்து, 50 ஹெர்ட்ஸ் சீரான ஒலியை ஓடவிட்டார். அலையின் உருவத்தைக் காட்டும் ஆசிலாஸ்கோப்பைப் பார்த்துக்கொண்டே ஒலியைக் கூட்டினார். அலையின் தலை தட்டையாகும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்தி, மல்டிமீட்டரில் ஏ.சி. வோல்ட்டை எங்களையே படிக்கச் சொன்னார். 28 வோல்ட்.

கணக்கு நமது பேரேட்டுக் கணக்கைவிட எளிது. வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி, ஓமால் வகுக்க வேண்டும். 28 முறை 28 என்றால் 784. நாலால் வகுத்தால் 196 வாட்.

ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டு அளந்தபோது மீட்டர் 33 காட்டியது. அதைக் கணக்கிட்டால் 272 வரும். ஆனால் சுமை ஏற்றாத வண்டியின் வேகத்தை வைத்து வாடகை பேசுவது போன்றது அது. இன்ஜினை நிறுத்தி அளந்தபோது 24 வோல்ட்தான், அதாவது 144 வாட். எந்த நிலையில் அளந்தோம் என்று சொல்லாத அளவு அளவே அல்ல என்பது நமக்கு அன்று விளங்கியது.

காயில் கருகியது ஏன்?

196 வாட் ஆம்ப்ளிஃபயர் 250 வாட் சப்வூஃபரை எரிக்குமா? எரிக்கும். 1,500 வாட் இருக்கிறதே என்று நம்பிய பையன், சத்தம் போதாமல் கெயின் திருகைக் கடைசிவரை திருப்பியிருக்கிறான். அலையின் தலை வெட்டுப்பட்டு, வட்டமாக இருந்தது சதுரமாகிறது. முழுச் சதுரமானால் நல்ல அலையைப்போல் இருமடங்கு வரை திறன் காயிலில் இறங்கும்.

இன்னொன்றும் அறிந்தோம். வாட் இருமடங்கானால் ஒலி கூடுவது 3 டெசிபல்தான். காதுக்குச் சற்றே அதிகம் என்று தோன்றும், அவ்வளவே. பெரிய எண்ணுக்குக் கொடுக்கும் பணமெல்லாம் காதுக்கு வந்து சேர்வதில்லை.

விசாரணை முடிவில் இருவரிடமும் பாதித் தவறு என்றோம். விற்றவர் ஆம்ப்ளிஃபயரின் பாதி விலையைத் திருப்பிக் கொடுத்தார். வாங்கியவர் சப்வூஃபர் நஷ்டத்தை ஏற்றுக்கொண்டார். ஒன்றாகக் காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

நமக்கும் பாடம் உண்டு

சிரித்துவிட்டுப் போக நமக்கு மனம் வரவில்லை. வாலிப வயதில் நாமும் மிளகாய் வற்றலைச் சாக்கோடு நிறுத்துக் கொடுத்தவர்கள்தாம். "மூட்டை எடை சரிதானே?" என்று வாதாடி, நல்ல வாடிக்கை ஒன்றை இழந்தோம். பெட்டியில் போடும் 'மேக்ஸ்' வாட்டும், ஒரு காலத்தில் டேப் ரெக்கார்டர்களில் போட்ட பி.எம்.பி.ஓ.வும் சாக்கோடு நிறுத்த எடையே. ஆர்.எம்.எஸ். எனப்படும் தொடர் திறன்தான் நிகர எடை.

நமது பொட்டலங்களில் நிகர எடை போடச் சட்டம் இருக்கிறது. அமெரிக்காவில் வீட்டு ஆம்ப்ளிஃபயர் விளம்பரங்களுக்கு 1974-லேயே அரசு விதி வந்தது. கார் ஆம்ப்ளிஃபயர்களுக்கு அங்குள்ள உற்பத்தியாளர் சங்கமே 2003-இல் ஓர் அளவுமுறை வகுத்தது. சிஇஏ-2006 என்று அதற்கு அப்போது பெயர். 14.4 வோல்ட், 4 ஓம், சிதைவு 1 சதவீதத்துக்குள் என்ற நிலையில் அளந்த திறனையே போட வேண்டும். கட்டாயமல்ல, விரும்பியவர் ஏற்கலாம். ஒரு சங்கம் தானாக முன்வந்து தன் படிக்கல்லைத் திருத்திக்கொண்டது நம் போன்ற சங்கங்கள் கவனிக்க வேண்டிய செய்தி.

அளக்கிற நாழி அகவிலை அறியுமா என்பார்கள். நாழி அறியாது, அளக்கிற கை அறியும். அந்த ஆடியோ கடை உறுப்பினர் இப்போது பில்லில் தொடர் திறன் எத்தனை வாட், எத்தனை ஓமில் என்று கையால் எழுதித் தருகிறார். பெரிய எண்ணைக் கேட்டு வருகிறவர்களில் சிலர் திரும்பிப் போகிறார்கள். ஆனால் வாங்கிப் போனவர் எவரும் இதுவரை பிராதோடு வரவில்லை.