வீடு வளர்கிறது, நிலம் சுருங்குகிறது

சென்னை மேற்கு மாம்பலத்தில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் இப்போது ஒரு தகரத் தடுப்பு கண்ணில் படுகிறது. அதற்குப் பின்னால் நாற்பது வயதான ஒரு மூன்று மாடிக் குடியிருப்பை இடித்துக்கொண்டிருப்பார்கள். அடுத்த தெருவில் ஜல்லி லாரி வழியை மறித்து நிற்கும். அசோக் நகர், கே.கே. நகர், மந்தைவெளி, பெசன்ட் நகர் என்று பழைய ஃபிளாட்டுகள் நிறைந்த எல்லாப் பகுதிகளிலும் இதே காட்சிதான். இடித்துக் கட்டுவது சரியா தவறா என்று பொத்தாம்பொதுவாகப் பேசிப் பயனில்லை. கையெழுத்துப் போடுகிறவருக்கு என்ன கிடைக்கிறது, என்ன போகிறது என்ற கணக்கு பலருக்குத் தெரியாமலே பத்திரம் பதிவாகிவிடுகிறது. அந்தக் கணக்கைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இடிப்பதற்குக் காரணங்கள் உண்மையானவை. 1980களில் கட்டிய பெரும்பாலான குடியிருப்புகளில் லிஃப்ட் கிடையாது. முப்பத்தைந்து வயதில் மூன்றாம் மாடியில் வீடு வாங்கியவருக்கு இப்போது எழுபத்தைந்து வயதாகிறது. மருத்துவமனைக்குப் போக வேண்டுமானால் நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு பேர் தூக்கி இறக்க வேண்டும். உப்புக் காற்றிலும் கசியும் நீரிலும் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்கிறது. துரு ஏறிய கம்பி வீங்கி, மேல்பூச்சைப் பிளந்து தள்ளுகிறது. பூசிப் பூசி மூடலாம், துரு நிற்காது. 2015 வெள்ளத்தில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தவர்கள், கீழே வண்டி நிறுத்தும் இடமும் மேலே வீடுகளுமாக இருக்கும் கட்டடத்தை விரும்புவதில் வியப்பில்லை.

முன்பு இடித்துக் கட்டுவதற்குத் தடையாக இருந்தது ஒருவரின் மறுப்பு. 1994ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் மறுகட்டுமானத்துக்குத் தெளிவான வழி சொல்லவில்லை. நிலத்தில் ஒவ்வொருவருக்கும் பதிவு செய்த பங்கு இருப்பதால், நடைமுறையில் அத்தனை பேரும் கையெழுத்திட்டாக வேண்டும். 2022இல் சட்டமன்றம் நிறைவேற்றி, 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் இதை மாற்றியது. இப்போது மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். பன்னிரண்டு வீடு என்றால் எட்டுப் பேர்.

இனி கணக்குக்கு வருவோம். நாலு கிரவுண்டு மனை, அதாவது 9,600 சதுர அடி. அதில் பன்னிரண்டு வீடுகள். எல்லாம் சம அளவு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு, எல்லோரும் சொல்லும் யு.டி.எஸ்., 800 சதுர அடி. பழைய விதிப்படி மனையின் பரப்பைப் போல ஒன்றரை மடங்கு கட்டலாம் என்றிருந்ததால் மொத்தம் 14,400 சதுர அடி, வீட்டுக்கு 1,200. 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் அந்த ஒன்றரை மடங்கை இரண்டாக்கின. சாலை 12 மீட்டர் அகலமாவது இருந்தால், அரசுக்குக் கட்டணம் செலுத்தி அதற்கு மேல் இன்னும் 40 சதவீதம் வாங்கலாம். ஆக 2.8 மடங்கு, 26,880 சதுர அடி. பழையதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. கட்டுநர் தேடி வருவது இந்தக் கூடுதல் பரப்புக்காகத்தான்.

பழைய உரிமையாளர் ஒவ்வொருவருக்கும் 1,500 சதுர அடியில் புது வீடு தருகிறேன், செலவெல்லாம் என்னுடையது என்கிறார் கட்டுநர். பன்னிரண்டு பேருக்கு 18,000 போக மீதி 8,880 சதுர அடி அவர் விற்பனைக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது; வீடு 300 சதுர அடி வளர்ந்துவிட்டது. ஆனால் புதிதாக வாங்க வருபவர்களுக்கும் நிலத்தில் பங்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படிப் பிரிக்கும்போது உங்கள் 800 சதுர அடி நிலம் சுமார் 535 ஆகிவிடும். பன்னிரண்டு பேரும் சேர்ந்து ஒன்றேகால் கிரவுண்டுக்கு மேல் நிலத்தைக் கொடுத்திருப்பீர்கள். கட்டுநர் கட்டும் செலவுக்கு நீங்கள் தரும் விலை அந்த நிலம்தான். சங்கக் கூட்டங்களில் மார்பிளா டைல்ஸா என்று மணிக்கணக்கில் பேசுகிறோம். மனையின் விலையைப் பக்கத்தில் எழுதிப் பெருக்கிப் பார்ப்பவர்கள் குறைவு. கட்டடத்துக்கு ஆயுள் உண்டு. இன்னும் நாற்பது ஆண்டு கழித்து இதே வீட்டை உங்கள் பிள்ளைகள் இடிக்கும்போது அவர்கள் கையில் இருக்கப்போவது அந்த 535தான். இதைத் தெரிந்துகொண்டு கொடுத்தால் அது நியாயமான வியாபாரம். தெரியாமல் கொடுப்பதுதான் என்னை வருத்துகிறது.

பவர் எழுதிக் கொடுக்கும் இடம் அடுத்த கண்ணி. கட்டுநர் தன் பங்கை விற்பதற்கு மட்டும் பவரா, மொத்த மனைக்குமா என்பதை வரிவரியாகப் படிக்க வேண்டும். மூலப்பத்திரத்தை யார் கையில் கொடுக்கிறோம், வேலை தாமதமானால் கட்டுநர் தரும் மாத வாடகை எதுவரை வரும், கட்டுநர் பாதியில் நின்றுவிட்டால் பழைய உரிமையாளர்கள் வேறொருவரை அமர்த்தலாமா என்பவையெல்லாம் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சு நீதிமன்றத்தில் நிற்காது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் காப்பாற்றும் என்று நம்பியிருக்கவும் முடியாது. மனை 500 சதுர மீட்டருக்கு மேற்படவில்லை என்றாலோ, எட்டு வீட்டுக்கு மேல் இல்லை என்றாலோ அந்தத் திட்டத்தைப் பதிவு செய்வதே கட்டாயமில்லை. 500 சதுர மீட்டர் என்பது இரண்டேகால் கிரவுண்டுக்குச் சற்றுக் குறைவு. மாம்பலத்தின் சந்துகளில் ஒரு கிரவுண்டு, இரண்டு கிரவுண்டு மனைகள்தான் அதிகம். பாதுகாப்பு அதிகம் தேவைப்படும் சின்ன இடங்கள்தான் சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன.

கையெழுத்திட மறுக்கும் நாலு பேரை வீம்புக்காரர்கள் என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். அவர்களில் ஒருவர் தனியாக இருக்கும் எண்பது வயது அம்மாவாக இருக்கலாம். இரண்டு ஆண்டு வாடகை வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வர உடம்பு இடம் கொடுக்குமா என்பதுதான் அவர் கவலை. பக்கத்துத் தெருவிலேயே தரைத்தள வீடு ஒன்றைப் பார்த்துக் கொடுத்தால் அவரே கையெழுத்துப் போட்டுவிடக்கூடும். மூன்றில் இரண்டு பங்கு சேர்ந்துவிட்டது என்பதற்காக அவரிடம் பேசுவதை நிறுத்திவிடுவது அக்கம்பக்கத்தார் செய்யக்கூடாத காரியம்.

பத்திரம் இல்லாதவர்களுக்கு இந்தக் கூட்டத்தில் நாற்காலியே கிடையாது. இடித்துக் கட்டுவதற்காக வாடகைதாரரை வெளியேற்ற வாடகைச் சட்டம் இடம் தருகிறது. இருபது ஆண்டாக மாடிப்படிக்குக் கீழே இருந்த வாட்ச்மேன் குடும்பம், வாசலில் இஸ்திரி வண்டி போட்டவர், நாலு வீட்டில் வேலை பார்த்து நடந்தே வீடு திரும்பிய பெண்கள் ஆகியோரைப் பற்றி எந்த ஒப்பந்தத்திலும் ஒரு வரி இராது. புதிய வாசலில் கண்காணிப்புக் கேமரா வந்துவிடும்; ஏஜென்சிக் காவலாளி வந்துவிடுவார்.

அரசுக் குடியிருப்புகளில் கதை வேறு. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் குடிசை மாற்று வாரியம் கட்டிய குடியிருப்பின் ஒரு தொகுதி, 24 வீடுகளும் சேர்ந்து, சரிந்து விழுந்தது. விரிசலைக் கண்டு மக்கள் முன்பே வெளியேறியதால் உயிர்கள் தப்பின. அது 1993இல் கட்டியது. முப்பது ஆண்டுகூட நிற்கவில்லை. பழைய வாரியக் குடியிருப்புகளை இடித்துக் கட்டும்போது அங்கிருக்கும் குடும்பத்துக்கு அரசு தரும் கருணைத் தொகை 24,000 ரூபாய். வேலை இரண்டு ஆண்டு நீண்டால் மாதத்துக்கு ஆயிரம் ரூபாய். அந்தப் பணத்துக்குச் சென்னையில் ஒரு அறை கிடைக்காது. வேலைக்கும் பள்ளிக்கும் பக்கத்தில் இருக்க வேண்டியவர்கள் கடன் வாங்கித்தான் வாடகை கட்டுகிறார்கள்.

இனி தெரு. வாராவாரம் வாசலில் விழும் இலவசப் பகுதிப் பத்திரிகையைப் புரட்டினால் சாக்கடை பொங்கியது, குழாயில் தண்ணீர் வரவில்லை, மழைக்கு முன் தோண்டிய பள்ளத்தை மூடவில்லை என்று சின்னச் செய்திகளாக இருக்கும். பக்கத்துப் பக்கத்தில் புதிய குடியிருப்பின் முழுப்பக்க விளம்பரம். இரண்டும் ஒரே செய்திதான். பன்னிரண்டு குடும்பம் இருந்த மனையில் பதினெட்டுக் குடும்பம் வந்தால் ஆழ்துளைக் கிணறும் கழிவுநீர்க் குழாயும் அத்தனை பேரையும் தாங்க வேண்டும். கட்டும் பரப்பைத் தீர்மானிக்கும்போது சாலையின் அகலத்தைப் பார்க்கிறார்கள். சாலைக்கு அடியில் இருக்கும் குழாயின் அகலத்தைப் பார்ப்பதில்லை. மாம்பலத்தை ஒட்டிப் பெரிய ஏரி ஒன்று இருந்தது. 1920களில் அதைத் தூர்த்துத்தான் தியாகராய நகரை உருவாக்கினார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்ற பெயரில் அதன் சுவடு மிச்சமிருக்கிறது. தாழ்ந்த இந்தப் பகுதியில் மழைநீர் ஓட வழி வேண்டும். மனையைச் சுற்றி மண்ணாக இருந்த கொஞ்ச இடத்தையும் கார் நிறுத்துவதற்காகக் கான்கிரீட் போட்டு மூடினால் அந்தத் தண்ணீரும் தெருவுக்குத்தான் வரும்.

மாநகராட்சி வார்டுகளில் இப்போது வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் இருக்கின்றன. ஒரு தெருவில் எத்தனை கட்டடங்களுக்கு இடித்துக் கட்ட அனுமதி கொடுத்திருக்கிறார்கள், அதற்கு ஏற்பக் குழாயை எப்போது மாற்றுவார்கள் என்று அங்கே கேட்கலாம். வார்டு உறுப்பினரும் பொறியாளரும் எழுத்தில் பதில் தர வேண்டும் என்றும் கேட்கலாம். வாடகைக்கு இருப்பவர்களும் வாக்காளர்கள்தான்; அந்தச் சபையில் பேச அவர்களுக்குப் பத்திரம் தேவையில்லை.