ஒரே மழை, நாலு அலுவலகம்!

சாத்தூரில் பெய்யும் மழை வைப்பாற்றைச் சேர்வதற்குள் அதன் பொறுப்பாளர் பலமுறை மாறிவிடுகிறார். தெருவோர வாறுகால் நகராட்சிக்கு. நெடுஞ்சாலைக்கு அடியில் இருக்கும் பாலம் நெடுஞ்சாலைத் துறைக்கு. ஊருக்கு வெளியே, சுமார் 100 ஏக்கருக்கு மேல் பாசனம் தரும் கண்மாய் நீர்வளத்துறைக்கு. அதைவிடச் சிறியது ஊராட்சி ஒன்றியத்துக்கு.

தண்ணீருக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. மேல் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தால்தான் கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர். இடையில் ஓடையைச் சீமைக்கருவேலம் அடைத்தால், மேலே வீட்டுக்குள் வெள்ளம், கீழே வறண்ட வயல். 2017-ல் குடிமராமத்துத் திட்டம் மீண்டும் வந்தபோது கண்மாய்கள் தூர்வாரப்பட்டன. வரத்துக்கால் அடைபட்டிருந்தால் தூர்வாரிய கண்மாயும் நிரம்பாது.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே நாலு துறையும் ஒரே வரைபடத்தோடு ஓடையில் நடந்து பார்க்க வேண்டும். அக்டோபர் 2 கிராம சபையில் இதைக் கேளுங்கள். நகரவாசிகள் வார்டு கவுன்சிலரிடம் கேளுங்கள்.