மாப்பிள்ளை வீட்டு அடுப்பு

மகனுக்குப் பெண் பேசி நாளும் குறித்தாகிவிட்டால் பெற்றவளின் கால் தரையில் பாவுவதில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். பரணில் கிடக்கும் சஹன் தட்டுகளை இறக்கித் துலக்க வேண்டும். கொழும்பிலிருந்து வரும் மாமிமாரும் சாச்சிமாரும் எங்கே படுப்பார்கள் என்று பாய்களை எண்ணிப் பார்க்க வேண்டும். மகளைக் கட்டிக் கொடுக்கும் வீட்டில் சந்தோஷத்தோடு ஒரு துளி கண்ணீரும் கலந்தே இருக்கும். மகன் கல்யாணத்தில் அது அவ்வளவாக இல்லை. வீட்டுக்கு இன்னொரு பிள்ளை வரப்போகிறது. அதனால்தான் மாப்பிள்ளையின் உம்மாவுக்கு அந்தச் சில வாரங்களில் வயதில் பத்துக் குறைந்துவிடுகிறது.

எங்கள் பதுளைப் பக்கத்தில் இந்த உற்சாகம் பெரும்பாலும் ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில்தான் பொங்கும். இதற்குக் காரணம் காற்று. மேற்குச் சரிவில் தென்மேற்குப் பருவமழை கொட்டும் நாட்களில் ஊவா வரண்டு கிடக்கும். மழையை அந்தப் பக்கத்திலேயே இறக்கிவிட்டு மலைமுகட்டைத் தாண்டி வரும் காற்று, எங்கள் பக்கம் இறங்கும்போது ஈரமிழந்து சூடேறிவிடுகிறது. இந்தக் காற்றில்தான் தேயிலைக் கொழுந்து சுண்டி மணம் ஏறுகிறது. உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குத் தனிப்பெயர் வாங்கித் தந்தது செப்டெம்பர் வரைக்கும் நீடிக்கும் இந்தப் பருவம்தான். தேயிலைக்கு நல்ல காலம் கல்யாணத்துக்கும் நல்ல காலமாக அமைந்தது அல்லாஹ்வின் அருள். ஒக்டோபரில் மழை பிடித்துக்கொண்டால் மலை வீதிகளை நம்பிப் பந்தல் போட முடியாது. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடிய துயரத்தை ஊவா மக்கள் யாரும் மறந்துவிடவில்லை.

ஆனால் வரண்ட காலத்துக்கும் ஒரு விலை உண்டு, சகோதரிகளே. ஓகஸ்டில் பீலித் தண்ணீர் நூலாகிவிடும். விருந்துச் சமையலுக்கும் பாத்திரம் கழுவவும் வுழூவுக்கும் எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பதை ஆண்கள் கணக்கில் சேர்க்கவே மாட்டார்கள். அழைப்பிதழ் அச்சிடக் கொடுக்கும் அன்றே தண்ணீர் பவுசருக்கும் சொல்லி வைத்துவிடுங்கள். இன்னொன்று, நெருப்பு. மலைச்சரிவு மானாப்புல் காய்ந்து கிடக்கும் நேரத்தில் ஒரு தீப்பொறி பறந்தால் போதும். வெளியே அடுப்பு மூட்டுவதாயின் காற்றுக்கு மறைவான பக்கத்தில் குழி வெட்டி மூட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் இரண்டு பீப்பாய் தண்ணீர் நிற்கட்டும்.

யார் வீட்டுக் காசு?

இந்தச் சந்தோஷமெல்லாம் யாருடைய செலவில் என்ற கேள்விதான் என்னை இந்தக் கட்டுரை எழுதத் தூண்டியது. நிக்காஹ் பெண்ணின் ஊர்ப் பள்ளிவாசலில் நடக்கலாம். வலீமா விருந்து மாப்பிள்ளை கொடுக்க வேண்டியது. மதீனாவில் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் மணம் முடித்ததை அறிந்த நபி (ஸல்) அவர்கள், ஓர் ஆட்டைக் கொண்டாவது வலீமா கொடுக்கும்படி மாப்பிள்ளையிடம்தான் சொன்னார்கள். பெண் வீட்டாரிடம் சொல்லவில்லை. மஹரும் அப்படியே. அலி (ரலி) அவர்களிடம் கொடுக்க வேறொன்றும் இல்லாதபோது அவர்களுடைய போர்க்கவசமே ஃபாத்திமா (ரலி) அவர்களுக்கு மஹராயிற்று. இன்னொருவருக்கு ஓர் இரும்பு மோதிரமாவது கிடைக்குமா என்று தேடிப் பார்க்கச் சொன்னார்கள் நபியவர்கள். எவ்வளவு சிறியதானாலும் அது ஆணின் கையிலிருந்து பெண்ணின் கைக்குப் போயிற்று.

நாம் என்ன செய்கிறோம்? மஹர் என்று நூறோ ஐந்நூறோ எழுதுகிறோம். மறுபக்கத்தில் இலட்சக்கணக்கில் கைக்கூலி கைமாறுகிறது. அந்தக் காசில் ஒரு பகுதியை எடுத்துத்தான் வலீமா பந்தலும் போடுகிறோம். பெண்ணின் வாப்பா கடன்பட்டுக் கொடுத்த பணத்தில் அவருக்கே விருந்து வைக்கிறோம்! வாசலில் நின்று “வாங்க, வாங்க” என்று அழைக்க நமக்கு எப்படி வாய் வருகிறதோ தெரியவில்லை.

“நாங்கள் கேட்கவில்லை, அவர்களாகத் தந்தார்கள்” என்று சொல்லும் சகோதரிகள் ஒரு விடயத்தை அறிந்திருப்பது நல்லது. இலங்கையின் 1951 ஆம் ஆண்டு 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் கைக்கூலிக்கு ஒரு வரைவிலக்கணம் தருகிறது. திருமணத்துக்கு முன்போ திருமண நேரத்திலோ மாப்பிள்ளையிடம் கொடுக்கப்படும் பணமும் அசையும் பொருளும் மணப்பெண்ணின் உபயோகத்துக்கானது என்றே அது சொல்கிறது. மாப்பிள்ளை அதை வாங்கி வைத்திருப்பவர் மாத்திரமே. பின்னால் பிணக்கு வந்தால் மனைவி காதியிடம் போய் அதைத் திருப்பிக் கேட்கலாம். பந்தலுக்கும் பாட்டுப்பெட்டிக்கும் செலவழித்த பணத்தை அப்போது எங்கிருந்து எடுத்துக் கொடுப்பது? மாமியார் கைப் பணம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, மார்க்கமும் சொல்லவில்லை. இந்தியாவில் 1961 ஆம் ஆண்டு வந்த வரதட்சணைத் தடைச் சட்டமும் மஹரை வரதட்சணையாகக் கொள்ளவில்லை என்பதைத் தமிழ்நாட்டுச் சகோதரிகள் கவனிக்கலாம். கொடுப்பதும் வாங்குவதும் எந்தத் திசையில் நடக்கிறது என்பதைச் சட்டம் எழுதியவர்களும் பிரித்தே பார்த்திருக்கிறார்கள்.

சட்டம் பற்றிப் பேசும்போதே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நிக்காஹ் முடிந்த கையோடு பதிவு செய்துவிடுங்கள். அந்தப் பொறுப்பை மணமகன், பெண்ணின் வலீ, நிக்காஹ்வை நடத்தியவர் ஆகிய மூவர் மீதும் சட்டம் வைத்திருக்கிறது. பதிவில்லை என்பதற்காக மட்டும் நிக்காஹ் செல்லாமல் போகாது என்பது உண்மைதான். ஆனால் பிறகு பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்கவும் கடவுச்சீட்டு எடுக்கவும் அலைபவள் அந்த மருமகள்தான்.

மகன் கிழக்கிலங்கையில் பெண் எடுக்கும்போது நிலைமை சற்று மாறும். காத்தான்குடி, அக்கரைப்பற்று போன்ற ஊர்களில் மகளுக்கு வீடு கொடுத்து மருமகனை அங்கே குடிவைப்பது பழைய வழக்கம். மலையிலிருந்து இறங்கிப் போகும் மகனை அனுப்பும் தாய்க்குத்தான் அங்கே கண்ணீர். அந்த வழக்கத்தின் நல்லது கெட்டதைப் பேசப் போனால் அது தனிக் கட்டுரையாகிவிடும். அந்தத் தாய்க்கும் வலீமா நாளன்று மகனும் மருமகளும் தன் வீட்டு வாசலில் வந்து இறங்கும் சந்தோஷம் உண்டு என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

சிறிதாகச் செய்தால் ஊர் என்ன சொல்லும் என்ற பயம் நம்மில் பலருக்கு உண்டு. 2020, 2021 ஆம் ஆண்டுகளில் கொரோனாக் கட்டுப்பாட்டின் மத்தியில் விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு எத்தனை நிக்காஹ்கள் நடந்தன! 2022 இல் எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற மாதங்களில் விறகடுப்பில் இரண்டு கிடாரம் ஏற்றி வலீமாவை முடித்தவர்கள் எத்தனை பேர்! அந்தப் பிள்ளைகளும் இன்று குடும்பம் நடத்துகிறார்கள். அவர்களைப் பற்றி ஊர் ஒன்றும் சொல்லவில்லை.

கிடாரம் ஏறும் நாள்

இனி அடுப்படிக்கு வருவோம். ஒரு சஹனுக்கு ஆறு பேர். சஹனுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அரிசி என்பது நம் பக்கத்துக் கணக்கு. முந்நூறு பேர் என்றால் ஐம்பது சஹன். பெண்கள் பக்கம் பிள்ளைகளும் சேர்ந்து உட்காருவதால் அங்கே ஆறு பேர் என்பது எட்டாகிவிடும். அரிசி அதற்காக ஏறாது, இறைச்சித் துண்டுதான் ஏறும். கீரிச் சம்பாவா பாஸ்மதியா என்ற வாதத்தில் நான் கீரிச் சம்பா கட்சி. விலை குறைவு, நெய்யையும் நன்றாக இழுத்துக்கொள்ளும். வெலிமடைப் பக்கத்து வயல்களில் உருளைக்கிழங்கு கிண்டும் காலமும் ஓகஸ்டை ஒட்டியே வருகிறது. தோட்டக்காரரிடம் நேரே பேசினால் கடை விலை கொடுக்க வேண்டியதில்லை.

வட்டிலப்பத்துக்குக் கித்துள் கருப்பட்டியை முன்கூட்டியே வாங்கி ஒரு துண்டைக் கரைத்துப் பாருங்கள். சீனி கலந்த கருப்பட்டி சந்தையில் தாராளமாகக் கிடக்கிறது. அது இனிக்கும், ஆனால் கித்துளின் மணமும் கருமையும் வராது. தேங்காய்ப்பால், முட்டை, ஏலக்காய் எல்லாம் சரியாக இருந்தும் வட்டிலப்பம் வெளிறிப்போய் நின்றால் குறை கருப்பட்டியில்தான்.

இடத்தின் உயரத்தையும் கவனிக்க வேண்டும். பதுளை நகரம் சுமார் 680 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பகல் வெயில் சுள்ளென்று அடிக்கும். ஹப்புத்தளையோ சுமார் 1,400 மீட்டர். அங்கே மாலையில் விருந்து வைத்தால் சஹன் பந்தலுக்குப் போய்ச் சேருமுன் குளிர்காற்றில் நெய் உறையத் தொடங்கிவிடும். மேலே இருக்கும் ஊர்களில் பகல் விருந்தே உசிதம். சஹனுக்கு மூடியும் அவசியம்.

யாரை அழைப்பது என்பதில்தான் மாப்பிள்ளை வீட்டின் தரம் தெரியும். பணக்காரரை அழைத்து ஏழையை விட்டுவிடும் வலீமா உணவையே மிகக் கெட்ட உணவாக நபிமொழி கண்டிக்கிறது. எங்கள் பக்கத்தில் அந்த ஏழை யார் என்று தேடிப் போக வேண்டியதில்லை. கண்டி இராச்சிய காலத்திலேயே பொதிமாடுகளில் உப்பு ஏற்றி மலைக்கு வந்தவர்கள் முஸ்லிம் வணிகர்கள். தோட்டங்கள் வந்த பிறகு பசறையிலும் மடுல்சீமையிலும் ஹாலிஎலவிலும் கடை வைத்தார்கள். அந்தக் கடைகளின் பற்றுக் கொப்பியை நிரப்பியவர்கள் கொழுந்து பறிக்கும் பெண்கள். அவர்களின் நாட்சம்பளம் 1,000 ரூபாவானது 2021 இல்தான். அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனது 2024 இல். அந்தக் கூலியில் வாங்கிய அரிசியும் மாவும்தான் நம்மில் பலருடைய பிள்ளைகளைப் படிக்க வைத்தன. அவர்கள் பந்தலில் இல்லாத கல்யாணம் என்ன கல்யாணம்?

அழைத்தால் மட்டும் போதாது, அவர்கள் வரக்கூடிய நாளில் வைக்க வேண்டும். கிழமை நாளில் வந்தால் ஒரு நாள் பேர் போய்விடும். ஞாயிறுதான் தோதான நாள். அன்றும் கொழுந்து மிகுந்த நேரத்தில் சிலர் கைக்காசுக்குப் போவார்கள் என்பதால் சாப்பாட்டை மூன்று மணி வரை நீட்டி வையுங்கள். சம்பள நாளுக்கு முந்திய வாரத்தைத் தவிருங்கள். வெறுங்கையோடு வர அவர்கள் கூச்சப்படுவார்கள், அன்பளிப்புக்காகக் கடன் வாங்கவும் செய்வார்கள். அவர்களில் அநேகர் இந்துக்கள், மாட்டிறைச்சி தொடமாட்டார்கள். கோழியோ ஆடோ தனிக் கிடாரத்தில், தனி அகப்பையோடு சமைக்கச் சொல்லுங்கள். மரக்கறி மட்டும் உண்பவர்களுக்கும் ஒரு சட்டி இருக்கட்டும். ஒரே சஹனில் கூடி உண்ணும் வழக்கம் எல்லோருக்கும் பழக்கமில்லை. அவர்களுக்குத் தனித் தட்டு கொடுங்கள். ஆனால் தனிப் பந்தல் போட்டுவிடாதீர்கள்; அதே பந்தல், அதே கதிரை, அதே வட்டிலப்பம். லயன் அறையில் எழுந்து வர முடியாமல் கிடக்கும் கிழவிகளுக்கு விருந்து தொடங்குமுன்பே பொதி கட்டி அனுப்பிவிடுங்கள். கடைசியில் மிஞ்சியதை அனுப்புவது வேறு.

மருமகளின் அறை வீட்டின் மற்ற வேலைகளிலெல்லாம் கடைசிக்குத் தள்ளப்படுவதைப் பார்த்திருக்கிறேன். அலுமாரியும் கட்டிலும் பெண் வீட்டார் கொண்டு வருவார்கள் என்று அந்த அறையைக் காலியாகவே வைத்திருக்கும் மாமிகளும் உண்டு. ஒரு சாதாரணக் கட்டிலானாலும் நீங்களே போட்டு வையுங்கள். இந்தக் காற்றுக் காலத்தில் ஜன்னல் கதவு இரவெல்லாம் அடித்துக்கொள்ளும். கொக்கியைச் சரிபார்த்து விடுங்கள். கீழ்நாட்டுப் பெண் என்றால் ஒரு தடித்த கம்பளியும் வேண்டும். அவளுக்குக் கோப்பியா தேநீரா என்று முன்கூட்டியே கேட்டு வைத்தால் முதல் நாள் காலையில் அவள் கூச்சப்பட்டு நிற்க வேண்டியிராது.

விருந்து நாளில் வீட்டுப் பெண்களுக்கென்று மூன்று சஹன்களைச் சமையற்காரரிடம் சொல்லி முதலிலேயே எடுத்து மூடி வையுங்கள். விடியற்காலையிலிருந்து வெங்காயம் உரித்துக்கொண்டு நின்ற ராத்தாமாரும் மச்சிமாரும் மாலை நான்கு மணிக்குத்தான் உட்காருவார்கள். பெண்ணின் உம்மா அதுவரை போகாமல் இருந்தால் அவரையும் புது மருமகளையும் உங்கள் சஹனிலேயே உட்கார்த்தி வையுங்கள். நெய் கொஞ்சம் உறைந்திருக்கும், பரவாயில்லை.