ஜப்பானின் மினுமினுக்கும் பெயர்கள்

ஜப்பானில் 1990-களிலிருந்து பரவிய, குழந்தைகளுக்கு வழக்கத்துக்கு மாறான பெயர்களைச் சூட்டும் போக்கு, மினுமினுப்பைக் குறிக்கும் 'கிராகிரா' என்ற அடைமொழியால் அறியப்படுகிறது. சீனத்திலிருந்து வந்த காஞ்சி எழுத்து ஒவ்வொன்றுக்கும் பொருளும், பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட ஒலிப்பும் உண்டு என்பதே இதற்கு வழிவகுத்தது. 'கோசெகி' எனப்படும் குடும்பப் பதிவேடு பெயர்களில் இடம்பெறத்தக்க எழுத்துகளை ஏறத்தாழ 3,000 என வரையறுத்ததேயன்றி அவற்றின் ஒலிப்பைப் பதிவு செய்யாததால், ஒளி, விண்வெளி ஆகியவற்றைக் குறிக்கும் இரு எழுத்துகளை எழுதிவிட்டு, அதனைப் 'பிக்காச்சு' என்னும் அசைவூட்டப் படப் பாத்திரத்தின் பெயராக ஒலிப்பதும் இயல்வதாயிற்று.

பெயரின் பொருள் குறித்த சர்ச்சையும் எழுந்தது. 1993-இல் டோக்கியோ பெருநகரப் பகுதிக்கு உட்பட்ட அகிஷிமா நகரில் ஒரு குழந்தைக்குச் சாத்தான் என்று பொருள்படும் 'அக்குமா' என்ற பெயரைச் சூட்ட முயன்றபோது, அது குழந்தையின் நலனுக்கு ஊறு விளைவிக்கும் என நகராட்சி மறுத்ததால் வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. இறுதியில் பெற்றோர் வேறு பெயரைத் தேர்ந்தனர்.

ஆசிரியராலும் செவிலியராலும் படிக்க இயலாத பெயர்கள் பெருகியதோடு, அரசு ஆவணங்களைக் கணினிமயமாக்க ஒலிப்பும் தேவைப்பட்டதால், 2023-இல் குடும்பப் பதிவேட்டுச் சட்டம் திருத்தப்பட்டு 2025 மே 26 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி ஒலிப்பைப் பதிவு செய்வது கட்டாயமாகும்; அது பொதுவழக்கில் ஏற்கப்பட்டதாக இருத்தல் வேண்டும் என்பதால், உயர்வைக் குறிக்கும் எழுத்தைத் தாழ்வு என்று ஒலிப்பது போன்ற பெயர்கள் ஏற்கப்படா. எனினும், ஏற்கெனவே வழக்கத்திலுள்ள அரிய ஒலிப்பைக் கடவுச்சீட்டு போன்ற சான்றுகளுடன் தொடரலாம் என்பதால், இச்சட்டம் பெற்றோரின் கற்பனையை முற்றிலும் தடுக்காமல் அதற்கு எல்லை மட்டுமே வகுத்துள்ளது.