செகண்ட் ஹேண்ட் கார்: வாரண்டித் தாளின் பின்பக்கம்

என் தங்கை கணவர் வல்லம் வடகால் சிப்காட்டில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டியில் இருக்கிறார். நாள் முழுக்க மைக்ரோமீட்டரும் வெர்னியருமாக அளப்பதுதான் வேலை. அப்பேர்ப்பட்டவர் தனக்கென்று கார் வாங்கப் போனபோது எதையும் அளக்கவில்லை. "சர்டிஃபைடு வண்டி மச்சான், ஒரு வருஷம் வாரண்டி இருக்கு" என்றார். ஏழாவது மாதம், மூன்றாவது கியர் போட்டால் தானாகவே நியூட்ரலுக்கு வந்து விழ ஆரம்பித்தது. வாங்கிய ஷோரூமில் கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள்: "தேய்மானம். வாரண்டியில வராது சார்."

அவர் வேலை செய்யும் இந்தப் பக்கத்தில்தான், இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் சான்ட்ரோ வந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிஸான் ஆலை திறந்தது. சுற்றிலும் டயர், கண்ணாடி, சீட், வயரிங் செய்கிற கம்பெனிகள். புதுக் காரின் ஒவ்வொரு உறுப்பும் பிறக்கிற ஊர்தான். ஆனால் அதைப் பூட்டுகிறவர்கள் வாங்குவது பெரும்பாலும் இன்னொருவர் ஓட்டி விட்ட கார். கம்பெனி பஸ் ஷிப்டுக்கு வரும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வராது. போனஸ் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கும்போது எல்லோருக்கும் வரும் கேள்வி ஒன்றுதான்: தெரிந்த புரோக்கரிடம் குறைந்த விலைக்கு எடுப்பதா, கூட முப்பது நாற்பதாயிரம் போட்டு 'சான்று பெற்ற' வண்டியை எடுப்பதா?

முதலில் ஒன்று. இந்தச் சான்றை அரசு தருவதில்லை. விற்கிறவரே சோதிக்கிறார், விற்கிறவரே சான்று தருகிறார். மாருதியின் ட்ரூ வேல்யூ 376 இடங்களைப் பார்ப்பதாகச் சொல்கிறது. ஹூண்டாயின் ஹெச் ப்ராமிஸ் 161 என்கிறது. எண்ணிக்கையை வைத்து ஒன்றையொன்று ஒப்பிட வேண்டாம். எதையெல்லாம் பார்த்தார்கள், என்ன குறை கண்டார்கள், எதை மாற்றினார்கள் என்ற அறிக்கை உங்கள் கைக்கு வருகிறதா என்பதுதான் முக்கியம். விளம்பரத்தில் 'ஓராண்டு வரை வாரண்டி' என்று இருக்கும். அந்த 'வரை'யைக் கவனியுங்கள். வண்டியின் வயதும் கிலோமீட்டரும் கூடக் கூட அது ஆறு மாதமாகும்; சில வண்டிகளுக்கு ஒன்றுமே இருக்காது.

ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970இல் பழைய கார் சந்தையை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். வண்டியின் குறை விற்கிறவருக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. அதனால் சந்தையில் நல்ல வண்டிக்கும் ஓட்டை வண்டிக்கும் ஒரே விலை பேசப்படும், நல்ல வண்டி வைத்திருப்பவர் ஒதுங்கிவிடுவார் என்பது அவர் கண்டது. 2001இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். அதே ஆண்டில்தான் இங்கே ட்ரூ வேல்யூ தொடங்கியது என்பது தற்செயல். உத்தரவாதம் கொடுப்பது இந்தச் சிக்கலுக்கு ஒரு மருந்து என்றும் அவர் சொன்னார். குறை வந்தால் விற்றவர் பையிலிருந்து பணம் போகும் என்றால் அவர் வண்டியைக் கவனமாகப் பார்த்துத்தான் விற்பார். ஆக, வாரண்டி என்றால் முதலில் கேட்க வேண்டியது, யார் பையிலிருந்து போகும்?

மூன்று பேரில் ஒருவராக இருக்கலாம்: கார் கம்பெனி, வண்டியை விற்ற டீலர், அல்லது இருவருக்கும் சம்பந்தமில்லாத தனி வாரண்டி நிறுவனம். வாசலில் இருக்கும் பெயர்ப்பலகையைப் பார்த்துக் கம்பெனியே பொறுப்பு என்று நினைப்பது தவறு. கோவாவில் ஒருவர் 2011இல் புது மாடல் என்று நம்பி வாங்கிய கார் 2009இல் செய்ததாகவும் ஏற்கெனவே ஓடியதாகவும் இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. டீலர் செய்த தவறு தயாரிப்பாளருக்குத் தெரிந்திருந்தது என்று காட்டாமல் டாடா மோட்டார்ஸைப் பொறுப்பாக்க முடியாது என்று 2021 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. இருவருக்கும் இடையே இருப்பது வாங்கி விற்கும் உறவு, முதலாளி–ஏஜென்ட் உறவு அல்ல என்பது காரணம். புதுக் காருக்கே இதுதான் நிலை.

கம்பெனியே தொழிலை நிறுத்துவதையும் இந்தப் பக்கத்துக்காரர்கள் கண்ணால் பார்த்தவர்கள். ஒரகடத்தில் செய்த டட்ஸன் கார்களுக்கு 2022 ஏப்ரலில் முற்றுப்புள்ளி விழுந்தது. அதே ஆண்டு ஜூலையில் மறைமலைநகர் ஃபோர்டு ஆலை கடைசி காரை வெளியே அனுப்பியது. சர்வீஸ் தொடரும் என்று கம்பெனி சொல்லலாம், தொடரவும் செய்யலாம். ஆனால் அருகில் சர்வீஸ் சென்டர் குறையக் குறைய, 'அங்கீகரிக்கப்பட்ட ஒர்க்ஷாப்பில் மட்டும்' என்ற நிபந்தனை நமக்குச் சுமையாகிவிடும்.

இப்போது தாளைத் திருப்புவோம். இந்த வாரண்டிகளில் பெரும்பாலானவை எஞ்சினையும் கியர்பாக்ஸையும்தான் காக்கும், அதுவும் உள்ளே எண்ணெயில் ஓடும் பாகங்களை. கிளட்ச் பிளேட், பிரேக் பேட், டயர், பேட்டரி, புஷ், ஏ.சி. கேஸ், கண்ணாடி, பெயின்ட் எதுவும் வராது. பழைய வண்டியில் அடிக்கடி கெடுவது இவைதான் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பழுதுக்கு இவ்வளவு, மொத்தம் இவ்வளவு என்று உச்சவரம்பு இருக்கும். முன் அனுமதி வாங்காமல் வெளி மெக்கானிக் நட்டைத் தொட்டாலே போச்சு. ஹாரனுக்கோ பனி விளக்குக்கோ ஒயரை வெட்டிச் சேர்த்திருந்தால் மின்சாரக் கோளாறு எதற்கும் கேட்க முடியாது. கேஸ் கிட் மாட்டினால் பேச்சே இல்லை.

ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் பக்கம் இருப்பவர்கள் ஒரு வரியை இருமுறை படிக்க வேண்டும்: 'வாடகைப் பயன்பாடு'. இரவு ஷிப்டுக்கு நாலு பேரை ஏற்றிப் போய் மாதம் இவ்வளவு என்று வாங்குவது இங்கே சாதாரணம். வெள்ளை போர்டு வண்டியில் அதைச் செய்தால் வாரண்டி மட்டுமல்ல, விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் கை விரிக்கும்.

அடுத்தது வெள்ளம். வாரண்டி இதைத் தொடாது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் கார்கள் முழுகிக் கிடந்ததைப் பார்த்தோம். இன்சூரன்ஸ் கம்பெனி 'முழு இழப்பு' என்று ஒதுக்கிய வண்டிகள் ஏலத்தில் போகும். துடைத்து, வாசனை அடித்து, வேறு ஊரில் விற்பனைக்கு வரும். கண்டுபிடிக்க எளிய வழி: சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். தினமும் இழுக்கும் இரண்டு அடி சுத்தமாக இருக்கும். உள்ளே சுருண்டு கிடந்த கடைசிப் பகுதியில் காய்ந்த சேற்றுக் கோடு தெரியும். சீட்டுக்கு அடியில் தண்டவாளம் போன்ற கம்பியில் துரு, ஸ்டெப்னி வைக்கும் குழியில் மணல் என்று ஒவ்வொன்றாக வெளிவரும். சோதனை அறிக்கையில் நூற்றுக்கணக்கான டிக் இருக்கலாம். அதற்காக இந்தப் பெல்ட்டை இழுக்காமல் விடாதீர்கள்.

சரி, காசு கொடுத்து வாங்கலாமா? என் கணக்கு இது. சின்ன பெட்ரோல் கார், மேனுவல் கியர், ஐம்பதாயிரம் கிலோமீட்டருக்குள், சர்வீஸ் பதிவுகள் ஒழுங்காக உள்ளன என்றால், ஓராண்டுக்குள் எஞ்சினோ கியர்பாக்ஸோ பெயர்ந்து விழும் வாய்ப்பு குறைவு. அதற்காக மட்டும் நாற்பதாயிரம் கூடுதலாகக் கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை. இரண்டாயிரம் மூவாயிரத்துக்கு நம்பிக்கையான மெக்கானிக்கைக் கூட்டிப்போய், ஸ்கேனரை மாட்டிப் பார்த்து, மீதியைக் கையில் வைத்துக்கொள்வதே மேல். ஆட்டோமேட்டிக் கியர், டர்போ, டீசல் என்றால் கதை வேறு. ஒரு பாகம் போனாலே இரண்டு மாதச் சம்பளம் போய்விடும். அங்கே வாரண்டிக்கு அர்த்தம் உண்டு. இன்னொன்று: கம்பெனி கொடுத்த அசல் வாரண்டி மிச்சமிருந்தால் அது வண்டியோடு அடுத்தவருக்கு வரும். மாருதி 2024 ஜூலை முதல் அசல் வாரண்டியை மூன்று ஆண்டு அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர் என்று கூட்டியது. அப்படிப்பட்ட இரண்டு வயது வண்டிக்கு 'சான்று வாரண்டி' என்று தனியாகப் பணம் கேட்டால், ஏற்கெனவே உங்களுடையதை உங்களுக்கே விற்கிறார்கள்.

வாரண்டியைவிட எனக்கு மதிப்பாகப் படுவது, விலாசமும் ரசீதும் உள்ள ஒருவரிடம் வாங்குகிறோம் என்பது. 2023 ஏப்ரல் 1 முதல் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, ஏற்கெனவே பதிவான வண்டிகளை வாங்கி விற்கும் டீலர் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். வண்டி அவர் கைக்கு வந்ததை முறைப்படி பதிவு செய்தால் அவரே அதன் உரிமையாளராகக் கருதப்படுவார். அந்தச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். ஆர்.சி.யில் வங்கிக் கடன் அடைபட்டதா, அபராதம் பாக்கியா என்று பரிவாஹன் தளத்தில் பாருங்கள். பழைய வண்டியை விற்கிறவராக இருந்தால் பெயர் மாற்றம் ஆகும்வரை தூங்காதீர்கள்: பதிவேட்டில் பெயர் இருப்பவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

"பில் போட்டா பதினெட்டு பர்சென்ட் ஜி.எஸ்.டி. ஏறும்ணே" என்று சொல்வார்கள். பாதி உண்மை. 2025 ஜனவரி முதல் பழைய கார்களுக்கு 18 சதவீதம்தான்; ஆனால் அது டீலரின் லாபத்தின் மேல். 3.60 லட்சத்துக்கு வாங்கி 4 லட்சத்துக்கு விற்றால் வரி 40,000 ரூபாய்க்கு, அதாவது 7,200. 72,000 அல்ல. பில் இல்லாமல் வாங்கினால் நாளைக்கு வாரண்டியும் இல்லை, வழக்கும் இல்லை.

அமெரிக்காவில் 1985 முதல் டீலர்கள் விற்கும் ஒவ்வொரு பழைய காரின் கண்ணாடியிலும் வாரண்டி உண்டா, இல்லை இருக்கிறபடியே விற்கிறார்களா என்று ஒரு தாள் ஒட்டியிருக்க வேண்டும். இங்கே அப்படி ஒரு கட்டாயம் வந்தால் பாதித் தகராறு கடைவாசலிலேயே தீரும். அதுவரை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. போதிய சோதனை இல்லாமல் உத்தரவாதம் தருவதும், நிறைவேற்றும் எண்ணமோ வாய்ப்போ இல்லாத வாரண்டியைக் காட்டி விற்பதும் அதில் 'நேர்மையற்ற வணிக நடைமுறை'. இரண்டு ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. கிருஷ்ணகிரியிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்து இங்கே வேலை செய்கிறவருக்கு உதவும் ஒரு பிரிவும் உண்டு: கார் எங்கே வாங்கியிருந்தாலும், நீங்கள் வசிக்கிற அல்லது வேலை செய்கிற மாவட்டத்திலேயே புகார் தரலாம். சொந்தப் பிழைப்புக்காகத் தானே டாக்ஸி ஓட்டுகிறவரும் நுகர்வோர்தான். ஆனால் தொழிலாகச் செய்யாத ஒரு தனி ஆளிடம் வாங்கினால் இந்தக் கதவு பெரும்பாலும் திறக்காது. சிவில் கோர்ட்தான் கதி.

அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் முன், மாப்பிள்ளை செய்தது.

அவர் சண்டை போடவில்லை. எந்த நிபந்தனையின் கீழ் மறுக்கிறீர்கள், எண் போட்டு எழுதிக் கொடுங்கள் என்று மின்னஞ்சல் அனுப்பினார். ஜாப் கார்டின் நகலை வாங்கிக்கொண்டார். கழற்றிய மூன்றாவது கியரை "எங்க வண்டிப் பொருள், எங்களுக்கே வேணும்" என்று கேட்டு ஒரு பாலித்தீன் கவரில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். டியூப்லைட் வெளிச்சத்தில் எனக்குக் காட்டினார். சுற்றிலும் பற்கள், ஒரே ஒரு பல் மட்டும் பாதியில் முறிந்திருந்தது. மற்றவற்றில் மெஷின் கீறிய கோடுகள் அப்படியே இருந்தன. "தேஞ்சிருந்தா எல்லாப் பல்லும் ஒண்ணா தேயணும் மச்சான். இது மட்டும் உடைஞ்சிருக்கு. இதே பீஸ் என் டேபிளுக்கு வந்தா ரிஜெக்ட் சீட்டுல தேய்மானம்னு எழுத மாட்டேன்."

அளவுகளையும் படங்களையும் சேர்த்து இரண்டாவது மின்னஞ்சல் போனது, பதினைந்து நாள் கெடுவோடு. பன்னிரண்டாம் நாள் ஷோரூமிலிருந்து போன் வந்தது: பாகம் இலவசம், கூலியில் பாதி அவர் தர வேண்டும். ஆணையத்துக்குப் போயிருந்தால் முழுசும் கிடைத்திருக்கும் என்றேன். லீவு போட முடியாது என்று ஒப்புக்கொண்டார். உடைந்த கியர் இன்னும் டி.வி. ஸ்டாண்டில்தான் இருக்கிறது.